புழுக்காரிக்கு அப்பா கட்டிய ஆஸ்பத்திரி

கண்ணாடித் தட்டிலிருந்த கடற்புழு தலையைத் தூக்கியது. அதற்கு நான்கு கண்கள். தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் இவரைப் பற்றித்தான் பேசுவது என்று அந்தக் கணமே முடிவெடுத்துவிட்டேன். இவர் என்றது புழுவை அல்ல, அதைக் கொண்டுவந்த பிரெஞ்சு விலங்கியலாளரை.

மெல்பேர்ணின் கிளென் வேவர்லியில் எங்கள் நான்காம் வகுப்புக்கு வந்திருந்தார். பிரான்சின் கரையோரத்தில் சிறுமியாகச் சேறு கிண்டத் தொடங்கியவர், முப்பது வருடமாக மெல்பேர்ண் குடாவிலும் அதையே செய்தார். முதுகெலும்பில்லாத எட்டுப் புதிய உயிரினங்களுக்குப் பெயர் வைத்தவர். தனக்கு நிரந்தர வேலை கிடைத்ததே இல்லை என்று சிரித்தார். வீரம் என்று நினைத்து எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களிடம் பேச்சை எழுதுவது பெற்றோர், பாடமாக்குவதுதான் பிள்ளை. அப்பா திருத்தித் தந்த தாளில் அந்த விலங்கியலாளர் புழுவிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்து, பெரிய ஆஸ்பத்திரியின் தலைவியாகியிருந்தார். நிரந்தர வேலை பற்றிய வரியைக் காணவில்லை.

"அப்பா, இது பச்சைப் பொய்!"

"வெறும் புழுவுக்கு ஆர் பிள்ளை கைதட்டுவினம்?"

"அவ மருந்து ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை. புழுவின்ர காலைத்தான் எண்ணினவ!"

"ரெண்டு பேரும் புழுவை விட்டுட்டுச் சாப்பிட வாங்கோ," என்று குசினியிலிருந்து அம்மா கத்தினார்.

மேடையில் மருந்து வரை வந்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. "இதெல்லாம் அப்பா எழுதினது. அந்த விலங்கியலாளர் புழுதான் பார்த்தார். அவருக்கு நிரந்தர வேலையும் இல்லை," என்றேன். மண்டபம் சிரித்தது. மூன்றாம் வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆறுதல் பரிசுகூட இல்லை. ரோவில்லில் எங்கள் வீடு வரும்வரை காரில் நான் அவரோடு கதைக்கவில்லை. உண்மையைச் சொன்ன எனக்கா தண்டனை?

மல்கிரேவ் அலுவலகத்தில் அப்பாவுக்கு அப்போது மூன்று மாத ஒப்பந்தம். முடியும் ஒவ்வொரு முறையும் அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்தாராம். அன்று எனக்குத் தெரியாது. அந்த மனுசிக்கு ஒரு நிரந்தர வேலை கொடுக்கத்தான் ஆஸ்பத்திரியையே கட்டினார் என்பதும் தெரியாது.

இன்று நானும் விலங்கியல் மாணவி. கோபம் ஆறவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. எட்டு உயிரினங்களுக்குப் பெயர் வைத்தவரை வருடா வருடம் விண்ணப்பம் போட வைத்தார்களே, அவர்கள்மேல்! அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுதப்போகிறேன், ஒரு வரி வெட்டாமல். அவரைத் தொலைபேசியில் கேட்டபோது, மறுப்புக் கடிதங்களே நான்கு பெட்டி இருக்கின்றன, பெரிய காராகக் கொண்டு வா என்றார்.

சனிக்கிழமைக்கு அப்பாவின் காரைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நானும் வாறன்," என்றார்.