கடைசித் தெருவுக்குத் தண்ணீர் விட்டவர்

நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விடுவதுதான் குழாய்க்காரரின் வேலை. அரசாங்க வேலை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர் வீட்டுக் குழாயில் மட்டும் வெறும் காற்றுதான் வரும்.

அதற்குக் காரணமும் அவரேதான். அவர் வீடு மேடான கடைசித் தெருவில். 'சொந்த வீட்டுக்குன்னா மட்டும் அள்ளி விடுறான்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அந்தத் தெரு வால்வை மட்டும் நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தார். தண்ணீர் மேடேறுவதற்குள் வால்வு மூடிவிடும். அவரோடு சேர்ந்து தெருவே காய்ந்தது. வீட்டு டிரம்மை நிரப்பியது தனியார் தண்ணீர் லாரி. அதை ஓட்டியவன் அவர் மனைவியின் தம்பி.

இந்த நிலையில், குடிநீர் விநியோகத்தைத் தனியார் கம்பெனியிடம் கொடுக்கலாமா என்று கேட்க அதிகாரிகள் மக்கள் கூட்டம் போட்டார்கள். கொடுத்தால் அவர் வேலை போகும். எதிர்த்துப் பேச, ஊழியர் சங்கம் அவரையே தேர்ந்தெடுத்தது. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார்.

"தண்ணீர் மக்களின் உரிமை!"

"அந்த உரிமையில ரெண்டு குடம் இங்க ஊத்துங்க, பாத்திரம் கிடக்கு," என்றாள் மனைவி.

வாசலிலிருந்து மச்சான் குரல் கொடுத்தான்: "பேச்சு பிரமாதம் மாமா. அப்படியே வந்து இந்த ஹோஸைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். வேறென்ன செய்வார்?

கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "தண்ணீர்..." என்று தொடங்கியதுமே, அவர் தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அண்ணே, உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

சங்கச் செயலாளர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். மனப்பாடம் செய்த பேச்சு முழுவதும் குழாய்க்காரருக்கு மறந்துபோனது.

"லாரியில."

கூட்டம் சிரித்தது.

"அதுவும் என் மச்சான் லாரி," என்றார். இன்னும் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம தெரு காய்ஞ்சதுக்கு நான்தாம்மா காரணம். பழி வந்துடும்னு பயந்து சீக்கிரமே மூடிட்டேன். இப்போ நீ எழுந்து கேட்டுட்டே, நான் பதில் சொல்லியாகணும். தனியார் கையில போனா? என் மச்சான் போனை அணைச்சிட்டான்னா யாரைப் போய்க் கேப்பே? அவனோட சொந்த அக்காவாலயே அவனைப் பிடிக்க முடியல!"

"பேச்செல்லாம் இருக்கட்டும். நாளைக்கு முழு நேரமும் திறங்க, அப்புறம் பார்ப்போம்," என்று அவள் உட்கார்ந்தாள்.

முடிவு அடுத்த கூட்டத்தில் என்று அதிகாரி எழுந்துவிட்டார். செயலாளர் குழாய்க்காரரோடு பேசாமலே போய்விட்டார்.

மறுநாள் கடைசித் தெரு வால்வைத் திறந்துவிட்டு, கை துறுதுறுத்தாலும் மூடாமல் அங்கேயே நின்றார். குழாய்கள் இருமின. செந்நிறமாய்க் கொஞ்சம் கொட்டிய பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. "கலங்கலா வருதுண்ணே!" என்று ஒரு வீட்டிலிருந்து திட்டு வந்தது. அதற்குள், இங்கே முழு நேரமும் திறந்ததால் முறை தள்ளிப்போன பக்கத்துத் தெருக்காரர் காலிக் குடத்தோடு வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று குழாய்க்காரர் யோசித்தார். ஆனாலும் நேரம் முடியும்வரை வால்வில் கை வைக்கவில்லை.