மாடிப்படியில் உள்ளங்கை எழுத்து

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. யாரையும் பட்டினி போட்டதில்லை, யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவது என் பொறாமையைப் பற்றி. ஏதோ இல்லாதவள், அதனால் வயிறெரிகிறாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மைசூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. யோகா படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இப்போது இருப்பது இரண்டு பெண்கள். சச்சிகோ ஜப்பான்காரி, லின் சீனாக்காரி. ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. இங்கிலீஷ் இருவருக்கும் என்னளவுதான். ஆனாலும் சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். வாயால் அல்ல. ஒருத்தி தன் உள்ளங்கையில் விரலால் கோடு கோடாக இழுக்கிறாள், மற்றவள் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தன் கையில் இழுக்கிறாள். கொடியில் துணி எடுக்கப் போனபோது முதல்நாள் பார்த்த நான், கைரேகை பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன்.

என் பேத்தி ரம்யாதான் விவரம் சொன்னாள். அந்த எழுத்து அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனதாம். எழுத்து ஒன்று, வாசிப்பது வேறு வேறாம். தண்ணீர் என்று எழுதினால் லின் ‘ஷுயி’ என்பாள், சச்சிகோ ‘மிஸு’ என்பாள். ஜப்பான்காரர்கள் ஒரே எழுத்தை இடத்துக்குத் தகுந்தபடி இரண்டு மூன்று விதமாகவும் வாசிப்பார்களாம். காதால் கேட்டால் ஒட்டாது, கண்ணால் பார்த்தால் இருவருக்கும் தண்ணீர். இதைச் சொல்லும்போது ரம்யாவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதலில் சுருக்கென்றது.

நான் தமிழ் எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புப் படித்தேன். அதுவே எங்கள் வீட்டுப் பெண்களில் பெரிய படிப்பு. கல்யாணம் ஆனதும் கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூர் வந்து இறங்கினேன். பார்த்த பலகையெல்லாம் கன்னடம். பேச்சைச் சந்தையிலேயே பிடித்துக்கொண்டேன். நான் பேரம் பேசினால் காய்காரியே என்னை இந்த ஊர்க்காரி என்றுதான் நினைப்பாள். எழுத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. எனக்குத்தான் ஓர் எழுத்து இருக்கிறதே என்ற கர்வம். பிள்ளைகள் கன்னடத்தில் படித்தார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. ரம்யா என்னை அப்பத்தா என்றுகூடக் கூப்பிடுவதில்லை. கன்னடத்துப் பிள்ளைகள் மாதிரி அஜ்ஜிதான். என் தமிழ் எழுத்தை அவளிடம் காட்டினால், “ஜாங்கிரி புழிஞ்ச மாதிரி இருக்கு” என்று சிரிப்பாள்.

ஒருநாள் லின் உள்ளங்கையில் எழுதிக் காட்டி, மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தாள். காலையில் அவள் செருப்பும் குடையுமாகப் புறப்பட்டாள். சச்சிகோ ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்துவிட்டாள். லின் நின்று பார்த்துவிட்டுத் தனியாக நடந்தாள். திரும்பி வந்தபோது இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

“லின் எழுதுன லெட்டர் சைனாவுல ‘நட’, ஜப்பான்ல ‘ஓடு’ அஜ்ஜி. பாவம்” என்றாள் ரம்யா.

எனக்குப் பாவமாக இல்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சர்க்கரை வியாதியை மறந்து காபியில் ஒரு கரண்டி கூடப் போட்டுக் குடித்தேன். பெரிய எழுத்து, ஒரு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகத் துப்பில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் மாடிப்படியில் மறுபடியும் சிரிப்பு. லின் ஓடுவதுபோல் நடித்துக் காட்டுகிறாள், சச்சிகோ கிழவிபோல் நடந்து காட்டுகிறாள். நடுவில் ரம்யா. அவள் உள்ளங்கையை விரித்துப் பிடித்து இருவரும் மாறி மாறி எழுதுகிறார்கள். நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை அது.

இறங்கி வந்தவள், “கை நீட்டு அஜ்ஜி, எழுதிக் காட்டறேன்” என்றாள்.

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். “கண்டவங்க எழுத்தெல்லாம் கைக்கு வருது. நம்ம எழுத்துல உம்பேரை எழுதுவியா?”

“நீ கன்னடத்துல எம்பேரைப் படிப்பியா?” என்றாள். “நான் எழுதுன பாட்டு ஸ்கூல் மேகசின்ல வந்துச்சே. தலைகீழாப் புடிச்சுக்கிட்டு ‘நல்லா இருக்குது கண்ணு’ன்னியே.”

அவள் அதை எனக்குத்தான் முதலில் கொண்டுவந்து காட்டினாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் இங்குள்ள தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்கு, ஊரை விட்டு வந்த கதையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நானே எழுதுவேன் என்று வீம்பாகப் பேனாவைப் பிடித்தேன். இரண்டு வரிக்குள் விரல் மடங்கிக்கொண்டது. ரம்யா பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ன எழுதுனே அஜ்ஜி?”

“படிச்சுக்கோ.”

“எனக்கு வராதே.”

“அப்பப் போ.”

அவள் போகவில்லை. உட்கார்ந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். “நீ சொல்லு, எழுதறேன். உன் தமிழ்லயே சொல்லு. லெட்டர் மட்டும் என்னது.”

இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் அப்படி எழுதியதுதான். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு வருகிறாள். மலர்க்காரர்கள் அச்சுக்குத் தமிழில் மாற்றிக்கொள்வார்களாம். தலைகீழாய்ப் பிடித்த இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அதையும் எழுது என்றேன்.

மாடியில் அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. அவர்களுக்கு எழுத்து ஒன்று, பேச்சு இரண்டு. எங்களுக்குப் பேச்சு ஒன்று, எழுத்து இரண்டு. பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். காகிதத்தைப் பார்க்கிறேன். இதில் என் ஊர் எங்கோ இருக்கிறது, எந்த வரியில் என்று எனக்குத் தெரியவில்லை. போதும் கண்ணு, பேனாவை வை. முதலிலிருந்து படி, கேட்கிறேன். ஊர்ப்பேர் வருகிற இடத்தில் என் விரலைப் பிடித்து வை.