எதிரில் உட்காருபவர்

தேக்கா உணவங்காடியில், டிஷ்யூ பொட்டலம் கிடக்கும் நாற்காலியில் இந்த ஊர்க்காரர் யாரும் உட்காரமாட்டார். ஆள் வரும் என்று அர்த்தம். வீட்டுப் பத்திரத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. ஜாலான் புசாரில் இரும்புக்கடை நடத்தி ஓய்ந்த என் சித்தப்பாவுக்காக, தினமும் காலையில் அப்படியொரு பொட்டலம் காத்திருக்கும். வைப்பவர் காத்தோங்கிலிருந்து பஸ்ஸில் வரும் யாழ்ப்பாணத்துக் கிராணியார். அலுவலகக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "இண்டைக்கும் பிந்திப்போனீர் காணும்" என்பார். "இது என்ன உங்க ஆபீஸா, பஞ்ச் கார்டு அடிக்க?" என்பார் சித்தப்பா. அப்புறம் அவர் இடியாப்பமும் இவர் புரோட்டாவுமாக, எதிலும் ஒத்துப்போகாத பேச்சு வெயில் ஏறும்வரை நடக்கும்.

கிராணியார் இறந்த அன்று, டாக்சியில் சித்தப்பா என்னிடம் கேட்டார். "கிட்டப் போய் ஒரு பூ போடணும்டா. யாருன்னு அவரு மகன் கேட்டா என்ன சொல்றது? சொந்தம் இல்ல. ஃபிரெண்டுன்னா அந்தாளே எழுந்து இல்லம்பாரு."

படித்தவன் என்ற பெயர் குடும்பத்தில் எனக்கு உண்டு. அதைக் காட்டும் சந்தர்ப்பம்தான் அபூர்வம். "கம்பேனியன்" என்றேன். லத்தீனில் 'கோம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஆக, கூட உட்கார்ந்து ரொட்டி தின்பவர் என்று டாக்சிக்காரருக்கும் சேர்த்து விளக்கினேன்.

சித்தப்பா யோசித்தார். "ஒரு நாளாச்சும் அவரு தட்டுலேருந்து ஒரு விள்ளல் கொடுத்திருப்பாரா? அதோட, நாயைக்கூட கம்பேனியன்னுதானே சொல்றாங்க?"

நாய்க்கு மட்டுமா? சம்பளத்துக்கு முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கும், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் இன்று அதே சொல்தான். சித்தப்பா எதிலும் சேரவில்லை. கடைசி அர்த்தம் சித்தியின் காதுக்கு எட்டினால் என்னவாகும் என்று நினைத்ததும் லத்தீனை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அங்கே மகன் கேட்கவே செய்தார். நான் சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். சித்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "தேக்காவுல அவருக்கு எதிர்ல உக்காருவேன்" என்றார்.

"ஓ, இரும்புக்கடை அங்கிளா? அப்பா உங்களத் திட்டாத நாளே இல்ல. முன்னாடி வாங்க அங்கிள்."

பூப் போட்ட பிறகும் சித்தப்பா அந்த முகத்தருகே நின்றுகொண்டிருந்தார். பதில் வரவேண்டிய இடத்தில் வராததுபோல ஒரு குழப்பம் அவரிடம் இருந்தது.

போன வாரம் தேக்காவுக்குப் போனேன். சித்தப்பா சீக்கிரமே வந்திருந்தார். எதிர் நாற்காலியில் டிஷ்யூ பொட்டலம். எனக்குத்தான் என்று எடுக்கப்போனேன்.

"அங்க வேணாம்டா. ஆள் இருக்குலா."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டை ஏந்திக்கொண்டு வந்த ஒரு பெண், அங்கே யாராவது வருகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பதில் சொல் என்பதுபோல் சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் படித்த ஆங்கிலத்திலும் சரி, டாக்சியில் விளக்கிய லத்தீனிலும் சரி, ஒன்றும் அகப்படவில்லை. பொட்டலத்தைக் காட்டினேன்.

"ஓ, சாரி" என்று அவள் வேறு மேசைக்கு நகர்ந்தாள்.