இரண்டு நாட்டு வில்லைகள்

சோமசேகரம் தன் முதலாளியைப் பொய்யர் என்று சொன்னது வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான். கொழும்பில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் வில்லை தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. தூரம், நடு, கிட்ட மூன்றையும் ஒரே வில்லையில் காட்டும் கண்ணாடி வெளிநாட்டில் வந்துவிட்டது, அதில் நடுவே பிரிக்கும் கோடே கிடையாது என்றார் முதலாளி. "உது சுத்தப் பொய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் இவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடும் ஒரு சோதனை வில்லைப் பெட்டியோடும் கப்பலேறி ஊருக்கு வந்து, பருத்தித்துறையில் ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் சின்னதாய்க் கடை போட்டார். போரில் மின்சாரம் நின்றுபோனதும் சாணைக்கல்லுக்குச் சைக்கிள் பெடலைப் பொருத்தினார். வாய்தான் கொஞ்சம் நீளம், கை சுத்தம் என்று பேர் எடுத்திருந்தார்.

தொண்ணூற்றுமூன்று மாசியில் தேவகுமாரி ரீச்சர் பால்மாவு அடைத்த ஒரு ரின்னோடு கடைக்கு வந்தார். தேவாலயத்தில் முப்பத்தொரு வருடமாக ஓர்கன் வாசிப்பவர். அவருடைய பழைய கண்ணாடியில் மேலே தூரம், கீழே கிட்ட. நடுத்தூரத்தில் இருக்கும் பாட்டுப் புத்தகம் இரண்டிலும் அகப்படாது. அதனால் வாசிக்கும்போது தலை மேலும் கீழும் ஆடும், கூடவே கொண்டையும் ஆடும். பின் வாங்கில் இருக்கும் பிள்ளைகள் அந்தக் கொண்டையைப் பார்த்துத்தான் தாளம் போடுவார்கள். அது சிரிப்பாய் இருந்த காலம் போய், இப்போது பிழைச் சுரங்கள் விழத் தொடங்கிவிட்டன. ரீச்சரின் கண் இப்படியே இருந்தால் உயிர்த்த ஞாயிறோடு அவர் ஓய்வெடுக்கட்டும் என்று சபையில் பேச்சு எழுந்துவிட்டது. பொருளாதாரத் தடையால் அவருக்கு வேண்டிய வில்லை சோமசேகரத்தின் கடையில் முடிந்தே ஒன்றரை வருடம்.

"மகன் ஜேர்மனியிலையிருந்து ஒரு சோடி வில்லை அனுப்பினவன், தம்பி. மகள் பிரான்சிலையிருந்து ஒரு சோடி. கொழும்பிலை தங்கச்சி ரெண்டையும் மாவுக்குள்ளை வைச்சுக் குடுத்துவிட்டவள்."

கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்த வழியில் ஜேர்மனிச் சோடியில் இடது வில்லை நொறுங்கியிருந்தது. பிரான்சுச் சோடியில் வலது. மிஞ்சியவை நாட்டுக்கு ஒன்றாய் இரண்டு வில்லை. இரண்டிலும் கோடு இல்லை.

"விளிம்பிலை மஞ்சள் மை ஒட்டியிருக்கு. இதிலை ஏதும் அடையாளம் இருந்ததோ, ரீச்சர்?"

"ஓம், என்னவோ கிறுக்கியிருந்தது. மாவோடை சேர்த்துச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டன்."

சோமசேகரம் தலையில் கைவைத்தார். வில்லையின் எந்த இடம் கண்மணிக்கு நேரே வரவேண்டும் என்று காட்டுவதே அந்தக் கிறுக்கல்தான். ஜேர்மனி வில்லையைக் கையில் எடுத்து நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அந்த ஆவிக்குள் கடுகளவு வட்டம் ஒன்று தெரிந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று, அதற்குக் கீழே ஓர் எண். ஆவி மறைய எழுத்தும் மறைந்தது. திரும்ப ஊதினார், திரும்ப வந்தது. பிரான்சு வில்லையிலும் ஊதினார். அங்கே வேறு அடையாளம். எங்கோ முகம் தெரியாத ஒருவன், பருத்தித்துறையில் ஒரு ரீச்சர் இதைக் கழுவுவா என்று தெரிந்து எழுதிவைத்தது போல இருந்தது.

மூன்று நாள் கடையை அரைவாசி மூடிவைத்து, இரண்டையும் சதுரக் கட்டம் போட்ட கொப்பித் தாளுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். நடுவில் கோடுகள் நேராய் நின்றன, ஓரங்களில் நெளிந்தன. பிரான்சு வில்லையில் நேரான பாதை பெருவிரல் அகலம், ஆனால் வாசிக்கும் இடம் மிகவும் கீழே. ஜேர்மனி வில்லையில் பாதை பென்சில் அளவுதான், வாசிக்கும் இடமோ சட்டென்று வந்துவிடுகிறது. இப்படியே பொருத்தினால் பாட்டுப் புத்தகத்தில் ஒரு கண் ஒன்று சொல்லும், மற்றது வேறு சொல்லும். பிரான்சு வில்லையைக் கொஞ்சம் உயர்த்தினால் நடுவில் இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் அந்தக் கண்ணில் தூரம் மங்கும்.

ரீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். "கிட்ட, நடு, தூரம். மூண்டிலை எதை விடுவியள்?"

"தூரத்திலை நிக்கிற போதகரை விடுவன். அவர் எப்ப முடிப்பார் எண்டு குரலிலையே தெரியும்."

வில்லை தெறித்தால் மாற்று இல்லை. ஐந்து நாள், தண்ணீர் ஊற்றி ஊற்றி, பெடலை மெதுவாய் மிதித்துத் தேய்த்தார். முருகா என்று எத்தனை தடவை சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

உயிர்த்த ஞாயிறு காலை, திருநீற்றோடு தேவாலயத்தின் பக்கக் கதவடியில் நின்றார். ஓர்கனுக்கு முன்னால் ரீச்சரின் முதுகும் கொண்டையும்தான் தெரிந்தன. பாட்டு எழுந்தது. முதலாம் அடி, இரண்டாம் அடி. ஒரு சுரமும் பிழைக்கவில்லை. அவர் கொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அசையவில்லை. கூரையைத் தூக்குமளவு எழும் அந்தப் பாட்டு முடியும்வரை அசையவேயில்லை. முதலாளி சொன்னது மெய்தான் என்று நினைத்தபோது சோமசேகரத்துக்குக் கண் நிறைந்தது.

பின் வாங்கில் பிள்ளைகள் கையைத் தூக்கியபடி, தாளத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.