குடும்பத்துக்கு ஒன்று மட்டும்

எந்தக் கவரையும் குப்பையில் போடுவதற்கு முன்னால் லோகநாயகி அத்தை அதைத் திருப்பிப் பார்ப்பாள். தன் வீட்டுக் கவர்தான் என்றில்லை. எங்கள் வீட்டில் அம்மா டீத்தூள் பாக்கெட்டைப் பிரித்தால், எதிர்வீட்டு வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அத்தை தலையைத் தூக்காமலே, "கவரப் போட்டுராதிய" என்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பிஸ்கட் தின்று முடித்தால் அந்த உறையின் மேல் அவள் கண் போகும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்து வந்த பழக்கம். பின்பக்கத்தில் பத்து ரூபாய் தள்ளுபடி இருக்கலாம். கவர் சேர்த்துக் கொடுத்தால் டம்ளர் என்று போட்டிருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் திருப்பிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை என்பது அவள் கணக்கு.

அத்தை என்பது சொந்தத்தில் வந்த முறை அல்ல. தென்காசியில் ஒரே வளவுக்குள் எதிரெதிர் வீடுகளில் வாடகைக்கு இருந்தோம். அவளும் பீடிக்காரி, என் அம்மாவும் பீடிக்காரி. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களுக்குள் முறை தானாக வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீடிக்கு லீவு. அன்றைக்கு அத்தை கூப்பன்களைப் பரப்புவாள். பேப்பரோடு வரும் நோட்டீஸில் வெட்டி எடுத்தவை, சோப்பு உறையில் கிழித்தவை, சூப்பர் மார்க்கெட் பில்லோடு கொடுத்தவை எல்லாம் பாயில் கிடக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்கள்தான் பெட்டகம். ஒரு மாதத்துக்கு ஒரு கவர். நான் ஒருமுறை உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்து, டீத்தூள் ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தேன்.

"சாமான் பாத்து அடுக்கவா செய்வாவ? செத்துப்போற தேதி பாத்து அடுக்குட்டி" என்றாள்.

கூப்பன்களைப் பீடி நூலால் கட்டி வைப்பாள். கட்டிய நூல் சிவப்பு என்றால் அந்த வாரமே காலாவதி, அவசரம். பச்சை என்றால் கடையில் வேறு தள்ளுபடி போடும்வரை காத்திருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டும் கிடைக்கும். தனக்கு ஆகாததை வளவுக்குள் மாற்றிக்கொள்வாள். கைக்குழந்தைக்காரி சமீனா அக்காவுக்கு பேபி சோப்புக் கூப்பன் போகும், அங்கிருந்து உளுந்துக் கூப்பன் வரும்.

கூப்பன் உலகத்தில் தனியாக இருப்பவர்களுக்கு இடமே இல்லை என்று அந்தப் பாயில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து லிட்டர் எண்ணெய்க்குத் தள்ளுபடி உண்டு, அரை லிட்டருக்குக் கிடையாது. பெரிய பாக்கெட் நூடுல்ஸ் வாங்கினால் சின்னது இலவசம். அப்படி வாங்கிவிட்டு அத்தை ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாடாக நூடுல்ஸ் தின்றாள்.

"மிச்சம் பிடிக்கேன் மிச்சம் பிடிக்கேன்னு வேண்டாத சாமானத்தான் வாங்குதா" என்று அம்மா சொன்னாள்.

"ஆமா, ஒன் மவ படிக்காத பொஸ்தகம் எத்தன பரண்ல கெடக்கு. அத என்னைக்காவது கேட்டியாட்டி?"

ஒவ்வொரு கூப்பனிலும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்: குடும்பத்துக்கு ஒன்று மட்டும். அத்தை ஒருநாள் அதை விரலால் தொட்டு, "நான் ஒரு குடும்பமாட்டி?" என்று கேட்டாள்.

"ரேஷன் கார்டு இருந்தா குடும்பம்தான் அத்த."

"கார்டு இருக்கு. அதுல அவன் பேரும் கெடக்கு."

அவன் என்றால் முத்துகுமரன், அத்தையின் ஒரே பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கீழப்பாவூரில் தன் அண்ணன் மகளை அவனுக்குப் பேசி, பூ வைக்க நாளும் குறித்தாள் அத்தை. அவன் வரவில்லை. அண்ணன் வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில், "இனிமே நீ எனக்குப் போன் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். சின்ன வயதிலிருந்து எதைச் சொன்னாலும் கேட்காத பையன், அந்த ஒன்றை மட்டும் அப்படியே கேட்டான். சொன்னவள் தானே கூப்பிட முடியுமா? அவளும் கூப்பிடவில்லை.

நான் பி.காம். முடித்துவிட்டு அரசு வேலைக்கான தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முடிவு வருகிறவரைக்கும் என்று குற்றாலம் போகும் சாலையில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடச் சேர்ந்தேன். முடிவுகள் வந்தன, நான் அங்கேயே இருந்தேன். அங்கே வைத்துத்தான் அத்தையின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன்.

பில் போடும்போது போன் நம்பர் கேட்போம். அந்த நம்பருக்கு வாட்ஸ்அப்பில் பில் போகும், பாயிண்ட் ஏறும். அத்தை சொன்ன நம்பர் அவளுடையது அல்ல. அவளுடைய பட்டன் போன் நம்பர் எனக்கு மனப்பாடம்.

"இது யாரு நம்பர் அத்த?"

"அவனுதுதான். நான் போன் போடக் கூடாதுல்லா. கட போடலாம்லா."

அவள் யோசனை அவ்வளவுதான். இன்றைக்கு அம்மா பருப்பு வாங்கினாள், நடமாடுகிறாள், சமைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒரே தடவையாக வாங்காமல் கால் கிலோ பருப்புக்கு ஒரு நாளும், ஒரு சோப்புக்கு இன்னொரு நாளும் வந்தாள். மொத்தமாக வாங்கினால் ஐந்நூறு தாண்டும், கூப்பன் கிடைக்கும் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"கூப்பன் போனா போவுது" என்றாள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. பஸ்ஸில் அடுத்தவர் பிஸ்கட் உறையைப் பார்க்கிறவள்.

அவன் பதில் அனுப்புவானா என்று கேட்டேன். "பில்லுக்கு யாரு பதில் போடுவா? பாத்தா போதும்" என்றாள்.

போன மாசி மாதம் கடையில் காகிதக் கூப்பனை நிறுத்தினார்கள். இனிமேல் எல்லாம் போனில்தான். ஒவ்வொரு நம்பரையும் ஓடிபி போட்டு உறுதி செய்ய வேண்டும், செய்யாத நம்பருக்கு எதுவும் போகாது. அத்தை வந்தபோது பின்னால் வரிசை நின்றது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க நம்பரக் குடுத்துருங்க அத்த. கூப்பனும் உங்களுக்கே வரும்."

"அப்ப அவனுக்குப் போவாதே."

"போவாது."

"அந்த ஓடிபி எங்கன வரும்?"

"அந்த போனுக்குத்தான். அவங்ககிட்டத்தான் கேக்கணும்."

அத்தை பையைக் கீழே வைத்தாள். பின்னால் நின்ற ஒரு அண்ணாச்சி, "ஏம்மா, ஒரு சோப்புக்கு இம்புட்டு யோசனையா?" என்றார்.

"சோப்புக்குன்னா யோசிக்கவே மாட்டேன், அண்ணாச்சி" என்று அவள் திரும்பாமலே சொன்னாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்தாள். நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அந்தப் போனில் பேசுவது ஸ்பீக்கர் போடாமலே பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்.

"அலோ, யாருங்க?"

அது முத்துகுமரன் குரல் இல்லை. அத்தை போனை என் பக்கம் சாய்த்தாள். நான்தான் குனிந்து, "தென்காசியில இருந்து பேசுறோம். முத்துகுமரன் இல்லையா?" என்று கேட்டேன்.

"தென்காசிங்களா?" அந்தக் குரல் சட்டென்று பிரகாசமானது. "ஏனுங்க, அந்தப் பில்லுக்கார அம்மாங்களா? நான் ரவிங்க, ஈரோடு, மஞ்ச மண்டியில வேலை. இந்த நம்பர் வாங்கி ரெண்டு வருசமாச்சுங்க. வாங்கின நாளா உங்க பில்லுதான் வருது. மொதல்ல நிறுத்தச் சொல்லலாம்னு பாத்தனுங்க. அப்புறம் பழகிப்போச்சு. போன வாரம் நாலு நாளு பில்லே வரலீங்களே, ஒடம்புக்கு முடியலீங்களா?"

போன வாரம் அத்தைக்குக் காய்ச்சல். அம்மாதான் கஞ்சி கொடுத்துவிட்டாள்.

"லேசா காச்ச அடிச்சுது. இப்ப தேவலை" என்றாள் அத்தை. அது அவள் முதலில் பேசிய வார்த்தை.

"கால் கிலோ, கால் கிலோவா வாங்கறீங்க. வீட்டுல எத்தன பேருங்கம்மா?"

"ரெண்டு பேரு" என்றாள்.

"அந்த நம்பரே இருக்கட்டும்ட்டி" என்று அத்தை என்னிடம் சொன்னாள். நான் ஓடிபி கேட்டேன். பின்னால் நின்ற அண்ணாச்சி, "ஓடிபிய யாருக்கும் சொல்லாதங்கான், இங்கன ஊருக்கே சொல்லுதாவ" என்றார். வரிசையில் சிரிப்பு. ரவி நிதானமாக எண்களைப் படித்தார், நான் அழுத்தினேன். நம்பர் உறுதியானது. இனி அவள் வாங்குவதெல்லாம் தவறாமல் ஈரோட்டுக்குப் போகும்.

வைப்பதற்கு முன்னால் அத்தை, "குத்தால சீசன் வரட்டும் தம்பி, மங்குஸ்தான் போட்டு விடுதேன்" என்றாள்.

"எதுக்குங்கம்மா சிரமம்?"

"என் சாமான் கணக்க இத்தன நாளு பாத்திருக்கிய. சும்மா விட முடியுமா?"

"அப்படின்னா ஈரோடு பஸ்ஸுல டிரைவர்கிட்ட குடுத்து விடுங்க. ஸ்டாண்டுல நின்னு வாங்கிக்கறேன்."

அன்றைக்கு என் வேலை முடியும்வரை அத்தை கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வளவுக்கு நடந்து வரும்போது ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அவனுக்கு ஒண்ணுமே போவலையாட்டி?"

போகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் கொஞ்ச நாள் போயிருக்கும் என்றேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத்தான் அவன் நம்பரை மாற்றினானா என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே நடந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் அதைத்தான் நினைத்தாள் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு கவர்களைப் பிரித்து, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு எண்ணெய்க் கூப்பன்கள் வந்தன. திருப்பூருக்குப் போகிறேன் என்றாள். அவன் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் மட்டும் தெரியும். அது இன்னும் இருக்கிறதா என்று தெரியாது.

"அவரு நல்லபடியாத்தான் இருப்பாரு அத்த" என்றேன்.

"இருப்பான். பாத்துட்டு வாரேன். பேசணும்னு இல்ல." பூட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். "சீசனுக்குள்ள வந்துருவேன். அந்தத் தம்பிக்கு வேற சொல்லிட்டேன்லா."

ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரர் நம்பருக்குப் பேசி, வீட்டை வேறு ஆளுக்கு விட்டுவிடவும், அட்வான்ஸில் வாடகையைக் கழித்துக்கொள்ளவும் சொன்னாளாம். மகனைப் பார்த்தாளா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் கூப்பிட்டபோது அவள் போன் அணைந்திருந்தது. எதிர்வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது, நான்கு பேர். பெரிய எண்ணெய்க் கேன் வாங்குகிறார்கள்.

சாரல் வந்தது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. கடை வீதி நெடுக மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்தன. அந்த நாட்களில் ஒரு காலையில் கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். ஈரோட்டு நம்பரிலிருந்து வந்திருந்தது. அந்த அம்மாவின் பில் ரொம்ப நாளாக வரவில்லை, வேறு கடைக்கு மாறிவிட்டார்களா, நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். ஒரு கிலோ வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது எனக்குப் பெரிய காரியம் அல்ல. இரண்டு தடவை பழக்கடை வரைக்கும் போனேன். நான் அனுப்பினால் அவள் திரும்பி வந்து இங்கே நன்றாக இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அதனால்தான் வாங்கவில்லையோ, இல்லை, அது அவள் கொடுக்க வேண்டியது, வந்து அவளே கொடுக்கட்டும் என்று நினைக்கிறேனோ, எனக்குத் தெளிவில்லை. கடைக்காரர் இரண்டு தடவையும் பழத்தைக் கையில் எடுத்துக் காட்டினார். இப்போது சாரல் நின்றுவிட்டது. கடைகளில் மங்குஸ்தான் இல்லை. அந்தப் பழம் இன்னும் ஈரோட்டுக்குப் போகவில்லை.