அத்தைக்குக் கல்யாணம் முடித்த மூக்கு

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் முடித்துவைத்தது என் மூக்கு. இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

ஆவடியில் பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த குவார்ட்டர்ஸில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். பெரியப்பாவுக்கோ சரம் வைத்ததுதான் சட்டம். சரம் என்றால், மூச்சு எந்த மூக்கில் ஓடுகிறது என்று பார்ப்பது. வலது மூக்கில் ஓடினால் சூரியகலை. சண்டைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். கல்யாணப் பேச்சுக்கு இடது மூக்கில் சந்திரகலை ஓட வேண்டும். அப்பாவின் தங்கையான அத்தையை யார் பெண் கேட்டு வந்தாலும், பெரியப்பா கட்டைவிரலால் வலது மூக்கை அடைத்து மூச்சு விட்டுப் பார்ப்பார். ஒரு நாளும் இடது மூக்கில் ஓடியதில்லை.

“இன்னிக்கு வாணாம்பா, சூரியகலை ஓடிக்கினு கீது” என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அத்தைக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

கடைசியாக வந்தவர் குமணன்சாவடிக்காரர். அம்பத்தூரில் பிட்டர் வேலை. அவர் பேச்சு வந்தாலே அத்தை அடுப்பில் பாலை மறந்துவிடுவாள். அவரையும் காபியோடு அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறோம், அன்றும் தாம்பூலம் மாற்றாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் வீட்டில் சொல்லியனுப்பினார்கள். அத்தை அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரம் எனக்குக் காதுவலி. பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நெற்றியில் கண்ணாடி கட்டியிருந்த டாக்டர் என் காதோடு மூக்கையும் பார்த்து, நல்ல நேரான மூக்கு என்றார். உடனே பெரியப்பாவும் தன் மூக்கைக் காட்டினார். டாக்டர் அதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மூக்குத் தண்டு உங்களுக்குப் பிறவியிலேயே இடது பக்கமா வளைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் காத்துக்கு வழியே இல்ல. வலது பக்கம் இடம் காலியா இருக்கறதால உள்சதை பெருசா வளர்ந்திருக்கு. ஒரு பக்கம் வளைஞ்சா மறுபக்கம் இப்படித்தான் நிரப்பிக்கும். மத்தவங்களுக்கு வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா, கொஞ்ச நேரத்துல இடது மூக்கு திறந்துக்கும். உங்களுக்கு அதுவும் நடக்காது.”

பெரியப்பா அசரவில்லை. “சரம் பொய் சொல்லாது. என் மூக்குதான் ரிப்பேரு. வெள்ளிக்கிழம உன் மூக்குல பாத்துக்கலாம்மா” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி, டாக்டர் சொன்னதையெல்லாம் அத்தையிடம் ஒப்பித்தேன். ஒருக்களித்துப் படுக்கிற விஷயத்தை மட்டும் அத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம், பேன் பார்க்கிறேன் என்று அத்தை என்னை மடியில் வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். வெகுநேரம் திருப்பவே இல்லை.

“அந்தாண்டதான் அரிக்குது அத்தே.”

“சும்மா கெட. இந்தப் பக்கமே இன்னும் முடியல.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் என்னை எழுப்பிப் பெரியப்பாவிடம் தள்ளினாள். அவர் என் வலது மூக்கை அடைத்தார். இடது மூக்கில் மூச்சு தங்குதடையில்லாமல் ஓடியது.

“சந்திரகலை” என்றார். தாம்பூலம் மாற்றினார்கள். உள்ளே அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று முழுக்க என் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தலையில் வலது பக்கம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்துப் பேனை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த அத்தை, மறுபக்கத்தை ஏன் அப்படியே விட்டுவிட்டாள் என்பதுதான் எனக்கு அன்று விளங்கவே இல்லை.