தையலக்காவின் துடுப்புகள்

சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் தையலக்கா செருப்பை உதறிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து மஞ்சள் நிற நீச்சல் துடுப்புகளை இழுத்துக் காலில் மாட்டிக்கொள்வார். காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சீருடைகளுக்குப் பட்டன் தைக்க உட்காருவார். கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"என்னக்கா, வாத்து மாதிரி?"

"வாத்து என்ன முங்கியா போச்சு? கால் பழகட்டும்னு போட்டிருக்கேன். நீ பையன் இடுப்பளவைச் சொல்லு."

வயது ஐம்பத்தெட்டு. ஊரார் உடம்பை அளந்தே பிழைக்கிறவர். தைத்துக் கொடுத்த பேண்ட்டின் இடுப்பில் ஒரு விரல் நுழையவில்லை என்றால் பிரித்துத் தைத்துவிட்டுத்தான் மறுவேலை. அப்பேர்ப்பட்டவர் போன மாதம் கடலில் ஏமாந்துபோனார். மீன் பார்க்கக் கூட்டிப்போன படகில் கொடுத்த வாடகைத் துடுப்புகளை அப்படியே மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒன்று தொளதொளவென்று கழன்று போயிற்று. மற்றதை உதைத்த உதையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மகன் அக்குளில் கைகொடுத்து, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் படகில் போட்டான். மருமகள் அதைப் படம் பிடித்தாள். வீட்டில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

படகில் கூட்டிப்போன நீச்சல் பயிற்சியாளரும் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த தடவை கடலில் கட்டியிருக்கும் மிதவை வரை நீந்திப் போய்த் திரும்பி, யார் கையும் படாமல் படகேறினால்தான் மேற்கொண்டு கூட்டிப்போவாராம். இல்லையென்றால் கரையோடு சரி.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றான் மகன்.

"என் காலு, என் மூச்சு. உன்கிட்ட இரவலா கேட்டேன்?"

கால் பிடிப்பதற்கு முந்தின நொடியில், கோடு போட்ட மீன் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்ததாம். அரைகுறையாகப் பார்த்ததை அப்படியே விட்டுவிட அவருக்கு மனசில்லை.

சொந்தமாக ஒரு ஜோடி வாங்கப் போனார். துடுப்புக் கடைக்காரர் பாடுதான் பாவம். நீளமான, விறைப்பான ஜோடி ஒன்றை எடுத்துவைத்து, "எல்லாரும் இதான் வாங்குறாங்க மேடம், சும்மா பறக்கும்" என்றார். அக்கா அதை வளைத்துப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் என் முட்டியா இருக்கு? மெத்துனு வளையுறதா, குட்டையா ஒண்ணு எடுங்க."

அன்று காலையிலேயே போயிருக்கலாம். வேண்டுமென்றே சாயங்காலம்தான் போனார். நாள் முழுக்க மிஷின் மிதித்து வீங்கின காலுக்குப் பொருந்தினால்தான் பொருத்தம் என்பது அவர் கட்சி. குதிகாலில் வார் வைத்த ஜோடியை, உள்ளே மெல்லிய ரப்பர் காலுறையோடு மாட்டிக் காலை உதறினார். குதிகால் லேசாக ஆடியது.

"தண்ணியில இறங்கினா சரியாயிடும் மேடம்."

"இதையே ஒரு பேண்ட்டுக்கு நான் சொன்னா நீங்க விடுவீங்களா?"

விரல் மடங்காமல், குதிகால் ஆடாமல் உட்கார்ந்த ஜோடி கிடைக்கும்வரை முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இப்படி வீம்பு பிடிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அக்கா தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுக் குழலை வாயில் கடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் உதைத்து உதைத்து மிதவையைத் தொட்டார். திரும்பும்போது நடுவில் நின்றுவிட்டார். "பிடிச்சிக்கிச்சா?" என்று மகன் கத்தினான். முகம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. எதையோ ஆற அமரப் பார்த்துவிட்டு மறுபடி உதைக்க ஆரம்பித்தார்.

படகோரம் வந்ததும் மகன் குனிந்து, தூக்கிவிட இரண்டு கைகளையும் நீட்டினான். அக்கா ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒரு துடுப்பைக் கழற்றி நீட்டிய கையில் வைத்தார். மற்றதையும் கழற்றி அடுத்த கையில் வைத்தார். பிறகு ஏணியில் காலை வைத்தார்.